புழுவெட்டு இருந்தால் தோல் புற்றுநோய் வருமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு இருபது வயது, தேசிய சேவையில் இருக்கிறார். இரண்டு வருடமாகப் புழுவெட்டு. பிடரியில் ஒரு சின்னச் சொட்டையாக ஆரம்பித்தது இப்போது பாதித் தலைக்கு மேல் பரவிவிட்டது, புருவமும் உதிர ஆரம்பித்திருக்கிறது. தோல் மருத்துவர் பாரிசிட்டினிப் மாத்திரையைப் பற்றிப் பேசியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மருந்து விவரத் தாளைப் படித்தால் அதில் 'புற்றுநோய்' என்று இருக்கிறது. போதாததற்கு நாத்தனார் வேறு, "உடம்பே உடம்பைத் தாக்குற வியாதி. மொட்டைத் தலை வேற, இந்த ஊர் வெயில் வேற. நாளைக்கு ஸ்கின் கேன்சர் வராதா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கூடவே, பன்னிரண்டு வயது மகளுக்கும் இது வருமா என்பது இன்னொரு கேள்வி.

நான் மருத்துவர் இல்லை, மருந்தாளர். தோல் நோய் மருந்துகளைக் கொடுப்பதும் அவற்றின் பக்கவிளைவுகளை விளக்குவதும் என் அன்றாட வேலை. மகனுக்கு எந்த மருந்து என்பதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நாத்தனார் கிளப்பிய பயத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

புழுவெட்டு தோல் புற்றுநோயைக் கொண்டுவருவதில்லை. சொல்லப்போனால், எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை நேர் எதிராக இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. புழுவெட்டு உள்ளவர்களுக்கு, மெலனோமா (நிறமி செல்லிலிருந்து கிளம்பும் ஆபத்தான வகை) அல்லாத தோல் புற்றுநோய்கள் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தன. மெலனோமாவும் குறைவாகத்தான் தெரிந்தது, ஆனால் அந்த எண்ணிக்கை சிறியது என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தைவானில் தேசியக் காப்புறுதிப் பதிவுகளிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட புழுவெட்டுக்காரர்களை எடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். அங்கேயும் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் குறைவு. வெள்ளைத் தோல்காரர்கள் அதிகமுள்ள ஊரிலும் ஆசியர்கள் உள்ள ஊரிலும் ஒரே திசையில் விடை வந்தது என்பதால்தான் இதை நான் கொஞ்சம் நம்பிச் சொல்கிறேன். முழு நேர்மைக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: தைவான் ஆய்வில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் போன்ற சில புற்றுநோய்கள் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் நீங்கள் கேட்டது தோல். அதில் செய்தி நல்ல செய்திதான்.

இந்த மாதிரி ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு சந்தேகம் வர வேண்டும். முடி இல்லாதவர்கள் தொப்பி, விக், துண்டு என்று எதையாவது போட்டுத் தலையை மறைக்கிறார்கள், வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயில் படாததால்தான் புற்றுநோய் குறைவோ? இருக்கலாம். இன்னொரு பக்கம், இவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி தோல் மருத்துவரிடம் போகிறவர்கள். இருக்கிற புற்றுநோய் இவர்களிடம்தான் சீக்கிரம் கண்ணில் பட வேண்டும், எண்ணிக்கை கூட வேண்டும். அப்படியும் குறைவாக வந்திருக்கிறது என்றால், தொப்பியை மட்டும் காரணம் காட்டி முடித்துவிட முடியாது.

வேறு என்ன காரணம்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

நம் மயிர்க்கால், வளரும் பருவத்தில், நோய் எதிர்ப்பு செல்களின் கண்ணில் படாமல் ஒதுங்கி இருக்கும்படி அமைந்தது. தன் அடையாளத்தைக் காட்டும் மூலக்கூறுகளை அது அடக்கி வைத்திருக்கும். புழுவெட்டில் அந்த ஒளிவிடம் போய்விடுகிறது. அந்த எதிர்ப்பு செல்களில் ஒன்றான, சிடி8 என்ற வகை டி செல்கள் கூட்டமாக வந்து முடியின் அடிக்கிழங்கைச் சூழ்ந்துகொள்கின்றன. அந்த டி செல்களின் மேல் என்.கே.ஜி.2.டி என்று ஒரு கொக்கி இருக்கிறது. 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோ தலைமையில் நடந்த மரபணு ஆய்வு, புழுவெட்டுக்காரர்களிடம் இந்தக் கொக்கியில் வந்து மாட்டும் மூலக்கூறுகளின் மரபணுக்களில் வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்தது. (கிறிஸ்டியானோவுக்கே புழுவெட்டு உண்டு. தன் தலையைப் பார்த்து ஆராய்ச்சிக்குள் இறங்கியவர்.) இந்தக் கொக்கியின் வழக்கமான வேலை என்ன தெரியுமா? கெட்டுப்போன செல், வைரஸ் புகுந்த செல், புற்றாக மாறிக்கொண்டிருக்கும் செல் இவற்றைக் கண்டுபிடித்து ஒழிப்பது. கூட்டுரிமை வீட்டு வாசலில் நிற்கும் காவலாளி கொஞ்சம் மிகையாகச் சந்தேகப்படுகிறவர் என்று வையுங்கள். குடியிருப்பவரையே நிறுத்தி அடையாள அட்டை கேட்பார், அதுதான் புழுவெட்டு. ஆனால் திருடன் உள்ளே நுழைவதும் அவரிடம் கஷ்டம்.

நிறமியும் இந்தக் கதையில் இருக்கிறது. மகனின் தலையை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். சொட்டையின் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கும். ஆச்சரியக்குறி முடி என்று தோல் மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள், நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். வயதானவர்களுக்குப் புழுவெட்டு வந்தால் கறுப்பு முடி கொட்டி நரைமுடி மட்டும் மிஞ்சுவதும் உண்டு. ஒரே ராத்திரியில் தலை நரைத்தது என்கிற கதைகளில் பாதி இப்படித்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். திரும்ப முளைக்கும் முடியும் பெரும்பாலும் முதலில் வெள்ளையாக வரும், பிறகுதான் கறுக்கும். ஆக, டி செல்கள் குறிவைப்பது முடிக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட்டையாக இருக்கலாம் என்று வெகுநாளாக ஒரு கருத்து உண்டு. மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் அதே மெலனோசைட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

இதற்கு ஒத்த சாட்சி வெண்புள்ளி. அதிலும் எதிர்ப்பு சக்தி மெலனோசைட்டைத்தான் அழிக்கிறது. நெதர்லாந்தில் 2013இல் வந்த ஆய்வில், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு மெலனோமா வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காக இருந்தது. நிறமில்லாத தோல் வெயிலில் சீக்கிரம் கருகும், புற்றுநோய் கூடத்தான் வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் இந்த விடை. இன்னொரு சாட்சி மெலனோமா சிகிச்சையிலிருந்தே வருகிறது. டி செல்களின் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டுப் புற்றைத் தாக்க வைக்கும் மருந்துகள் 2011 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. அதற்கு வழி காட்டிய ஜேம்ஸ் அல்லிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்து எடுப்பவர்களில் நூற்றில் ஓரிருவருக்குப் புழுவெட்டு மாதிரியே முடி கொட்டுகிறது, இன்னும் சிலருக்கு வெண்புள்ளி வருகிறது. புற்றை வேட்டையாட எழுப்பிவிட்ட செல்கள் போகிற போக்கில் முடியையும் நிறத்தையும் தின்கின்றன.

சரி, அப்படியென்றால் மகனுக்குப் பயமே வேண்டாமா? நோயைப் பார்த்துப் பயம் வேண்டாம். கவனம் வைக்க வேண்டிய இடங்கள் வேறு. அதில் முதலாவது நீங்கள் படித்த அந்தத் தாள்.

பாரிசிட்டினிப் ஜேக் தடுப்பான் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. டி செல்களும் மயிர்க்காலும் ஒன்றையொன்று உசுப்பிவிடும் சைகைகள் ஜேக் என்ற நொதி வழியாகப் போகின்றன. இதைப் புழுவெட்டில் 2014இல் காட்டியதும் கிறிஸ்டியானோவின் குழுதான். மாத்திரை அந்த வழியை அடைக்கிறது. பாதித் தலைக்கு மேல் முடி இழந்த பெரியவர்களிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில், 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் சற்று மேலானவர்களுக்கு 36 வாரத்தில் தலையில் எண்பது விழுக்காடு முடி வந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பேர்தான். 2022 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புழுவெட்டுக்கென்றே முறைப்படி அனுமதி பெற்ற முதல் மாத்திரை அது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். புற்றைத் தேடுகிற அதே செல்களைத்தான் இந்த மாத்திரை அடக்குகிறது. எனவே 'புற்றுநோய்' என்ற எச்சரிக்கை சும்மா போட்டதில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் இதற்கு முன்பே வந்த டோஃபாசிட்டினிப்பை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்து நடத்திய ஒரு பெரிய சோதனை அது. சேர்ந்தவர்கள் எல்லோரும் ஐம்பது வயதுக்கு மேல், எல்லோருக்கும் புகைப்பழக்கம், ரத்தக் கொதிப்பு மாதிரி ஏதாவது ஓர் இதய ஆபத்து உண்டு. சில வருடக் கண்காணிப்பில் டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களில் 4.2 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது, ஒப்பிட்ட வேறு வகை மருந்தில் 2.9 விழுக்காட்டினருக்கு. இந்தக் கணக்கில் சாதாரணத் தோல் புற்றுநோய்களைச் சேர்க்கவில்லை, தனியாகப் பார்த்தபோது அவையும் கூடுதலாக இருந்தன. அதன் பிறகு, இந்த மாதிரி எதிர்ப்பு சக்தி நோய்களுக்குத் தரும் இந்தக் குடும்பத்து மாத்திரைகளுக்கு எல்லாம் ஒரே எச்சரிக்கையைப் போட்டுவிட்டார்கள்.

புகைக்காத, முடக்குவாதம் இல்லாத இருபது வயதுப் பையனுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்த மாத்திரையை நிறுத்தினால் முடி திரும்பக் கொட்டுவது சகஜம். அப்படியானால் பலர் வருடக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். என் கருத்தைக் கேட்டால், பாதித் தலைக்கு மேல் போய், புருவமும் உதிர்ந்து, பையன் வெளியே போகக் கூசுகிறான் என்றால் இந்த மருந்தை யோசிப்பது நியாயம். புகைப்பழக்கம் இருந்தால் மட்டும் அதை முதலில் விடச் சொல்லுங்கள். ஆரம்பிக்கும் முன் காசநோய், கல்லீரல் அழற்சிக் கிருமிகள், ரத்த அணுக்கள், கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது தோல் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மருந்து ஓடும் காலத்தில் வருடம் ஒரு முறை தோலை முழுக்கப் பார்த்துவிடலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.

மற்ற சிகிச்சைகளில் எது எப்படி என்றும் பலருக்குக் குழப்பம். சொட்டையில் போடும் ஸ்டீராய்டு ஊசி தோலைக் கொஞ்சம் குழியாக்கும், புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூசும் ஸ்டீராய்டும் அப்படித்தான். முன்பு புழுவெட்டுக்கு பூவா என்ற ஒளிச்சிகிச்சை தருவார்கள், சோரலென் மருந்து கொடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டுவது. சொரியாசிஸுக்கு அதை நூற்றுக்கணக்கான தடவை எடுத்துக்கொண்ட வெள்ளையர்களிடம் தோலின் மேலடுக்கில் வரும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் கூடியது நன்றாகத் தெரிந்த விஷயம். அசாத்தியோப்ரின் மாத்திரை தோலைப் புற ஊதாக் கதிருக்கு எளிதில் பலியாக வைக்கும். உறுப்பு மாற்று செய்துகொண்டு சைக்ளோஸ்போரின் மாதிரி மருந்துகளை ஆயுள் முழுக்க எடுப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் பல மடங்கு கூடுகிறது. ஒரு வரியில் சொன்னால், அடக்குகிற மருந்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

டிபிசிபி ஒரு விதிவிலக்கு. தலையில் பூசி வேண்டுமென்றே ஒவ்வாமையைக் கிளப்பிவிடுகிற திரவம் அது. அரிக்கும், சிவக்கும், அந்த அமளியில் முடி முளைக்கும். பூசியபின் இரண்டு நாள் வெயில் படாமல் மூடி வைக்கச் சொல்வார்கள். இதற்கு முன்பு பயன்பட்ட டிஎன்சிபி என்ற பொருள் ஆய்வுக்கூடச் சோதனையில் மரபணுவை மாற்றுகிறது என்று தெரிந்ததும் ஓரங்கட்டப்பட்டது. டிபிசிபிக்கு அந்தக் குறை இல்லை. வேடிக்கை என்னவென்றால், சிட்னியில் தோலில் பரவிய மெலனோமா கட்டிகளின் மேலேயே இதைப் பூசிப் பலன் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது வெயில். நாத்தனார் சொன்னதில் உண்மை இருப்பது இங்கேதான். தலைமுடி இயற்கையான குடை. பரம்பரை வழுக்கை உள்ள வெள்ளையர்களுக்கு உச்சந்தலையில் தோல் புற்றுநோய் கூடுதலாக வருவது தெரிந்த சங்கதி. நம் தோலில் நிறமி அதிகம் என்பது பெரிய பாதுகாப்பு. சிங்கப்பூர்ப் பதிவுகளில் சீனர்களோடு ஒப்பிட்டால் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் தோல் புற்றுநோய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இருபது வயதில் வெறுமையான தலைக்கு இன்னும் அறுபது வருட வெயில் பாக்கி இருக்கிறது. பூமத்திய ரேகையிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறோம். நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு பதினொன்றைத் தொடுவது இங்கே சாதாரணம், தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி அதை வெளியிடுகிறது. 1982இல் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்ததால் நமக்கு உச்சி வெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒரு மணி வாக்கில். மதியச் சாப்பாட்டுக்கு உணவங்காடிக்கு நடக்கும் நேரம்தான் அது. மெல்லிய மேகமூட்டம் இருந்தாலும் கதிர் பெரும்பாலும் கீழே வந்துவிடும்.

பாசறையில் தலைக்கவசமோ தொப்பியோ இருக்கும், அதனால் உச்சந்தலை பரவாயில்லை. விட்டுப்போவது காது மடலின் மேல்பக்கம், பிடரி, நெற்றி ஓரம். எஸ்பிஎஃப் முப்பதுக்கு மேல் உள்ள வெயில் தடுப்புக் களிம்பை அங்கே பூசட்டும். வெறும் தலைக்குக் கெட்டியான கிரீமைவிட ஜெல் அல்லது ஸ்ப்ரே வசதி, வியர்வையோடு கண்ணுக்குள் வழியாது. புருவம் இல்லாதவர்களுக்குக் கண்ணில் வியர்வை நேரே இறங்கும் என்பது முடி இருப்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. இமை முடியும் போனால் குளிர்கண்ணாடி அவசியம்.

நம் மாதிரித் தோலுக்கு இன்னொன்று. மெலனோமா நமக்கு வந்தால் வெயில் படும் இடத்தில் வருவதைவிட உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்துக்கு அடியில் வந்து, 1981இல் அவர் இறந்ததும் அதனால்தான். தலையையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் மாதத்தில் ஒரு நாள் பாதத்தையும் பார்க்கட்டும். அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு நகத்தில் தெரிந்தால், குறிப்பாக அது நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் படர்ந்தால், தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இவ்வளவும் நோய் உண்மையிலேயே புழுவெட்டாக இருந்தால் மட்டும். எதிர்ப்பு சக்தியால் வரும் முடி உதிர்வு எல்லாம் ஒன்றில்லை. புழுவெட்டில் தோல் வழவழப்பாக, ஆனால் மயிர்த்துளைகள் அப்படியே தெரியும். லூபஸ் நோயின் ஒரு வகை தலையில் வந்தால் துளைகளே அழிந்து தழும்பாகிவிடும். நம் தோலில் நடுவே வெளுத்தும் ஓரத்தில் கறுத்தும் இருக்கும், செதில் ஒட்டியிருக்கும். அந்த வெளுத்த பழைய தழும்பில் வருடங்கள் கழித்து ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் முளைப்பது உண்டு, இந்தியத் தோலிலும் கண்டிருக்கிறார்கள். அதனால் முடி போன இடத்தில் தடிப்பு, ஆறாத புண், ரத்தக் கசிவு, கெட்டிப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் 'அது பழைய சொட்டைதானே' என்று விடக் கூடாது. தேசியத் தோல் நிலையத்துக்குப் பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். சந்தேகமிருந்தால் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

மகளைப் பற்றி. நூற்றில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது புழுவெட்டு வருகிறது. அண்ணனுக்கு இருந்தால் வாய்ப்பு கூடும், ஆனாலும் பெரும்பாலான தங்கைகளுக்கு வருவதில்லை. முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, அப்படி யாராவது விற்றால் காசு கொடுக்காதீர்கள். அவளுக்கு என்றாவது தலையில் ஒரு சொட்டை தெரிந்து, அதில் செதிலும் முறிந்த முடியும் இருந்தால், வீட்டில் இருக்கும் அண்ணனின் ஸ்டீராய்டு களிம்பை எடுத்துப் பூசிவிடாதீர்கள். அந்த வயதில் அது பூஞ்சையால் வரும் படையாகவும் இருக்கலாம். ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும், வாய்வழி மருந்துதான் அதைக் குணமாக்கும்.